பாம்பு குறுக்கே போன வருஷம்

ஜூன் 24, 2025. செவ்வாய்.

குளித்து எட்டு நாள் ஆகிறது. இன்று அம்மா வெந்நீர் வைத்து, துண்டை எடுத்து என் தலைமாட்டில் போட்டுவிட்டு நிலத்துக்குப் போனது. திரும்பி வந்தபோது தண்ணீர் ஆறிக் கிடந்தது. துண்டு அதே மடிப்பில் இருந்தது. அந்தத் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டது.

எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. கை கால் இருக்கிறது. வயசு இருபத்தைந்து. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். இந்த ஊரில் டிகிரி முடித்த மூன்றாவது ஆள். எழுந்து பத்தடி நடந்து ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்ற முடியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சோம்பேறி என்பார்கள். அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

ஜூன் 27. வெள்ளி.

அவன் கல்யாணம் முடிந்து இருபத்தொரு நாள்.

பெயரையே எழுதிவிடுகிறேன். அருண்ராஜ். திருப்பத்தூரில் செல்போன் சர்வீஸ் கடையில் என் பக்கத்து மேசை. கடைக்கு மேலே ஒரே ரூம். இரண்டு வருஷம் நாலு மாசம். ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அவனுக்கு எச்சில் ஆகாது. தட்டு தனித்தனி. பாய் ஒன்று.

கல்யாணத்தில் நான் சாம்பார் வாளி தூக்கினேன். மாலையும் கழுத்துமாகப் பந்திப் பக்கம் வந்தவன், "மச்சான், கடைசி வரிசைய கவனிடா" என்றான். கவனித்தேன். மறுநாள் ரூமைக் காலி செய்துவிட்டு மலை ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டில், கடையில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அவன் மேல் கோபமா என்றால் இல்லை. இருந்தால் பரவாயில்லை. கோபம் வந்தாலாவது எழுந்து உட்காரலாம்.

அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகம் வருகிறது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் இலையிலும் நான்தான் ஊற்றினேன்.

ஜூலை 2. புதன்.

டவர் பாறைக்குப் போனேன். எங்கள் ஊரில் சிக்னல் அங்கே மட்டும்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏறினால் ஒரு மொட்டைப் பாறை, அதில் நின்றால் கீழ்நாட்டு டவர் இரண்டு கட்டம் காட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரே அங்கே நிற்கும். ஆளுக்கொரு இடம். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தர் காதில் விழாமல் இருக்காது. திருப்பூரில் எந்த மகளுக்கு மசக்கை, பெங்களூரில் எவன் மேஸ்திரியோடு சண்டை போட்டான், எல்லாம் பொதுச் செய்தி.

ஆண்கள் ஆண்களைத் தேடுகிற அந்த ஆப்பைத் திறந்தேன். பக்கத்தில் இருக்கிற ஆள் என்று காட்டியது நாற்பத்தொரு கிலோமீட்டர். முகம் கிடையாது. ஒரு சட்டையின் மூன்று பொத்தான்கள்.

அப்புறம் ஒரு வீடியோ. சென்னையில் என்னைப் போன்றவர்கள் வானவில் வண்ணக் கொடி பிடித்து ஆடிக்கொண்டு போகிறார்கள். நல்லது, போகட்டும். எங்கள் ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை. மழை பெய்தால் அதுவும் இல்லை. எங்களுக்கு ரோடு வந்து, பஸ் வந்து, டவர் வந்து, அதற்கப்புறம் கொடி வர எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் நான் இன்னா பண்றது?

ஜூலை 3.

ஒன்றுமில்லை.

ஜூலை 5. சனி.

இன்று அரசாங்க ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். மனநலத்துக்கு என்று ஒரு நம்பர் இருக்கிறது. காலையில் நினைத்து, மத்தியானம் வேண்டாம் என்று விட்டு, சாயங்காலம் போனேன். ஆள் இல்லாத நேரத்தில் போயிருக்க வேண்டும். ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை.

ஊரில் நல்லது கெட்டதை முடிவு செய்கிற ஊர்க்கவுண்டர் மாதையன் இரண்டு கை தூரத்தில் நின்று, திருப்பூர் மகளிடம் என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் போனில் ஒரு அம்மா. நல்ல குரல். அவசரமே இல்லாத குரல். என்ன பிரச்சினை என்று கேட்டார். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றேன். எதனால் என்று நினைக்கிறீர்கள் என்றார். ஒருத்தரைப் பிடித்திருந்தது என்றேன். யார் அவங்க என்றார்.

கவுண்டர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, லைன் கட் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பொண்ணுங்க" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த அம்மா கேட்டதெல்லாம் அந்தப் பொண்ணைப் பற்றி. வீட்டில் பேசிப் பார்த்தீர்களா? பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா? எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா, ஊரே ஒத்துக்காது என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அந்த அழுகை மட்டும் நிஜம். கடைசியாக, "சாகணும்னு எப்பவாவது தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்டார்.

இல்லீங்க என்றேன்.

அதுவும் பொய்.

ஒரு மனுஷனுக்கு அழுவறதுக்குக் கூட இந்த மலையில சிக்னல் பாத்து நிக்கணும்.

ஜூலை 9. புதன்.

கவுண்டர் வீட்டுக்கு வந்தார், தோளில் ஒரு பலாப்பழத்தோடு. என்னை வெளியே போகச் சொல்லவில்லை. என் எதிரிலேயே அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னார். பையனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பேயும் பிடிக்கவில்லை, ஒரு பொண்ணு மேல ஆசை வச்சிட்டு சொல்ல முடியாம உருகறான், போன்ல அழுதத நான் கேட்டேன் என்றார்.

அம்மா என்னைப் பார்த்தது. சிரித்தது. ஒரு மாசத்தில் முதல் தடவை.

யார் பொண்ணு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். நெல்லிவாசல் பக்கத்து சிவசங்கரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பி.பி. மிஷினோடு வீடு வீடாக வருகிறவள். அம்மாவுக்குக் கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, போன முறை என் கட்டில் பக்கம் நின்று, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கேட்டாள். நான் அவளிடம் மட்டும்தான் பதில் சொன்னேனாம். அண்ணி கவனித்ததாம். முறையும் பொருந்துகிறதாம். ஆடி முடிந்ததும் போய்க் கேட்டுவிடலாம் என்று கவுண்டர் முடிவு செய்தார். நாங்கள் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று நினைத்தாய் என்று அம்மா கேட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன்? இதை ஒழுங்காக எழுத வேண்டும். பயம் இருந்தது, அது மட்டுமில்லை. இன்று என் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. எல்லோருக்கும் தெரிந்த பெயர். அண்ணன் தன் கையால் பலாச்சுளை எடுத்துக் கொடுத்தான். சோம்பேறி என்று இத்தனை நாளாகச் சொன்னவன். "துன்னுடா" என்றான். நான் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பொய்யோடயே கொஞ்ச நாள் இருந்துட்டாத்தான் இன்னா?

ஜூலை 17. வியாழன்.

ஆடி பிறந்தது. ஒரு மாசம் தவணை.

ஜூலை 24. வியாழன்.

சாமை விதைப்பு. நானும் போனேன். காலை வெயிலில் அரை மணி நேரம் நின்றேன். அப்புறம் வரப்பில் படுத்துவிட்டேன். முன்பென்றால் அண்ணன் கல்லை எடுத்து வீசியிருப்பான். இன்று, மாப்பிள்ளை களைத்துவிட்டார் என்று அண்ணியிடம் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் சிங்காரம் ஜீப் ஓட்டுகிறான். புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றுவது. அதற்கு முன் செம்மரம் வெட்ட ஏஜெண்டுகள் கூட்டிப்போனதில் மாட்டிக்கொண்டு, ஆந்திராவில் பதினாலு மாசம் ஜெயிலில் இருந்தான். அனுப்பி வைத்தவன் எவனும் உள்ளே போகவில்லை. இந்த மலையில் வீட்டுக்கு ஒருத்தன் அப்படிப் போய் வந்திருக்கிறான், சிலர் வரவேயில்லை. காலேஜிலும் கடையிலும் என்னை "செம்மரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் படித்தது, பேசியது எதுவும் கணக்கில்லை. அருண்ராஜ் மட்டும் மணிவேல் என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒருத்தன் மேல் விழுந்துவிட முடியும் என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3. ஞாயிறு.

ஆடிப்பெருக்கு. அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து என் கையில் மஞ்சள் கயிறு கட்டியது. பெண் வீட்டில் ஜாடையாகச் சொல்லியாகிவிட்டதாம். அவள் அப்பா ராஜேந்திரனுக்குச் சந்தோஷமாம்.

இன்று நாள் முழுக்க ஒரே யோசனை. நான் இல்லாமல் போய்விட்டால் இதெல்லாம் தானாக நின்றுவிடும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மிகவும் சுலபமான கணக்கு போலத் தெரிந்தது. சுலபமாகத் தெரிந்ததுதான் பயமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 6.

தூக்கமில்லை. மழை.

ஆகஸ்ட் 13. புதன்.

சிவசங்கரி எங்கள் ஊருக்கு வருகிற நாள். பாதி வழியில், ஓடைக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில் போய் நின்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. மாப்பிள்ளை வழியில் வந்து நிற்கிறார் என்று நினைத்திருப்பாள்.

சொன்னேன். டவர் பாறை, போன், கவுண்டர், எல்லாம். அது பொண்ணு இல்லை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "ஆம்பள" என்றேன். இருபத்தைந்து வருஷத்தில் இந்த வார்த்தையை இந்த அர்த்தத்தில் வெளியே சொன்னது இதுதான் முதல் தடவை. மரம் ஒன்றும் சாயவில்லை.

அவள் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். நீயே வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் சொன்னால் காரணம் கேட்பார்கள் என்றேன். அதை நான் எவ்வளவு நியாயமாக யோசித்து வைத்திருந்தேன்!

"நான் வேணாம்னு சொன்னா என்ன கேக்க மாட்டாங்களா?" என்றாள். "மிஷினத் தூக்கினு ஊர் ஊரா போறவ, எவனயோ வச்சினுகீறான்னு நாளைக்கே பேசுவாங்க. எங்கப்பன் இந்த வேலய நிறுத்துவான். ஒரு மாசமா என் பேரு உங்க வூட்ல ஓடுது. நீ வாய மூடினு பலாப்பழம் துன்னுனு இருந்த. உன் பொய்ய நான் எதுக்கு தூக்கணும், மணிவேலு?"

பலாப்பழம் வரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

போய்விட்டாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். கோபம் அப்படியே இருந்தது. தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, செத்துவிடலாம் என்று இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். மூன்றாவதற்கு நான் கீழே பார்த்தேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். பி.பி. எழுத ஒரு கட்டம், சுகர் எழுத ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார்கள், இதற்குக் கட்டமே இல்லை என்றாள். திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை காலையில் இதற்கென்று டாக்டர் இருப்பார், போய்ப் பார் என்றாள். நான் கூட வர மாட்டேன் என்றும் சொன்னாள்.

ஆகஸ்ட் 14.

ஊரைத் திட்டுகிறேன், அரசாங்கத்தைத் திட்டுகிறேன், சென்னைக்காரர்களைத் திட்டுகிறேன். ஆனால் என் பொய்யை ஒரு பெண்ணின் கழுத்தில் கொண்டுபோய்ப் போடப் பார்த்தது நான். அருண்ராஜ் செய்ததை அப்படியே. அவனாவது என் கண்ணெதிரில் செய்தான்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு.

ஆவணி ஒன்று. பெண் கேட்கப் போவதற்குக் கவுண்டர் நாள் குறித்தார். இருபத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை.

ஆகஸ்ட் 21. வியாழன்.

ஆஸ்பத்திரிக்குப் போக எழுந்தேன். சட்டை போட்டேன். பொத்தான் வரைக்கும் போட்டேன். பஸ் ஹாரன் கேட்டது. உட்கார்ந்திருந்தேன். போய்விட்டது.

ஆகஸ்ட் 26. செவ்வாய்.

கவுண்டர் வந்து முறைகளைச் சொல்லிவிட்டுப் போனார். பெண் கேட்கப் போகிறவர்கள் ஏழு பேர். ஓடை வரை ஜீப், அதற்கு மேல் நடைதான். மாப்பிள்ளையின் அண்ணன் முன்னால் போக வேண்டும். அவனை யாரும் தாண்டக் கூடாது. வழியில் சகுனம் பார்ப்பது அவன் வேலை. பாம்பு குறுக்கே போனால் அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் சம்பந்தப் பேச்சு கிடையாது. பெண் மேலும் குறையில்லை, பையன் மேலும் குறையில்லை, யாரும் எதற்கு என்று கேட்கக் கூடாது.

டிகிரி படித்தவன் நான், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. அவர் போனதிலிருந்து எல்லாப் பாம்பையும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29. வெள்ளி. மத்தியானம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் குளித்தேன். அண்ணி சட்டையை மடிப்புக் கலையாமல் கொடுத்தது. அம்மா புதுப்புடவை. கவுண்டர் வெற்றிலை பாக்கு, வெல்லம் எல்லாம் தட்டில் அடுக்கினார். இரண்டு மாமன்கள். எல்லோரும் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் வெளியே ஜீப்பின் முன்மூடியைத் தூக்கி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் போனேன். அண்ணா, அந்தப் போன்ல சொன்னது பொண்ணு இல்ல என்றேன். அவன் நிமிரவில்லை. திருப்பத்தூர்ல என்கூட இருந்தான் இல்ல, அருண்ராஜு, அவன்தான் என்றேன். எனக்குப் பொண்ணுங்க மேல அப்படி வராது, எப்பவும் வந்ததில்ல, இந்தப் பொண்ண கட்டினா அது வீணாப் பூடும் என்றேன். நான் செத்துடுவேன்னு பயமா கீது அண்ணா என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல நினைக்கவேயில்லை.

தண்ணீர் நிறைந்து வழிந்தது. என்ஜின் மேல் ஓடி அவன் காலில் கொட்டியது. குடம் காலியாகும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தான். பிறகு மூடியைச் சாத்தினான். உள்ளே பார்த்து, நேரமாகுது, வந்து ஏறுங்க என்று கூப்பிட்டான். என்னை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

ஓடை வரை ஜீப்பில் யாரும் என்னிடம் பேசவில்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் பேசினார்கள். மாமன் ஒருத்தர், முதல் ராத்திரிக்கு வீட்டில் கட்டில் பலமாக இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன். அவ்வளவுதான், முடிந்தது, அண்ணன் கூட்டிப்போய் உட்கார வைக்கப் போகிறான் என்று இருந்தது. அங்கே போய் எல்லோர் எதிரிலும் சொல்ல வேண்டும்.

ஓடை தாண்டி நடந்தோம். அண்ணன் முன்னால். அப்புறம் கவுண்டர், மற்றவர்கள். நான் கடைசி. மூன்றாவது திருப்பத்தில் அண்ணன் நின்றான். கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினான்.

"இன்னா சிங்காரம்?" என்றார் கவுண்டர்.

"பாம்பு" என்றான் அண்ணன். "சாரை. குறுக்கப் போச்சு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பாதையின் ஒரு பக்கம் வெறும் பாறை, மறுபக்கம் உழுது போட்ட கொல்லை. பாம்பு போய் மறைய ஒரு செடி கூட இல்லை. மாமன், எனக்குத் தெரியவில்லையே என்றார். அம்மா, சரியாகப் பார்த்தாயா என்று இரண்டு தடவை கேட்டது.

கவுண்டர் அண்ணன் முகத்தையே பார்த்தார். அண்ணனும் பார்த்தான். ஆந்திரா போலீஸ் அடித்துக் கேட்டபோதும் ஒரு பெயரைக்கூடச் சொல்லாமல் பதினாலு மாசம் இருந்த முகம் அது. கவுண்டர் என் பக்கம் திரும்பினார். என்ன பார்த்தார் என்று தெரியாது. பிறகு தட்டை அம்மா கையிலிருந்து வாங்கித் துணியால் மூடினார். "முன்னால போறவன் பாத்தா பாத்ததுதான். திரும்புங்க" என்றார்.

திரும்பும்போது வரிசை மாறிவிட்டது. கடைசியில் வந்த நான் முன்னால் நடந்தேன். அண்ணன் எல்லோருக்கும் பின்னால்.

செப்டம்பர் 2. செவ்வாய்.

அண்ணன் என்னிடம் பேசவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறான். கோபமா, அருவருப்பா, வெட்கமா? காப்பாற்றினான், சரி. இனி என்னைப் பார்க்க முடியாது போலிருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

அம்மா வேறு பெண் பார்க்கலாம் என்று ஆரம்பித்துவிட்டது. ஜமுனாமரத்தூர் பக்கம் யாரோ இருக்கிறார்களாம்.

செப்டம்பர் 5.

சொன்னால் பாரம் குறையும் என்கிறார்கள். எவன் சொன்னான்? வீட்டில் நாலு பேர் இருக்கிறோம், எனக்கு யாரும் இல்லை.

செப்டம்பர் 10. புதன்.

சாயங்காலம் அண்ணன் கட்டில் பக்கம் வந்து நின்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கி ஆறு மணிக்கி ரெடியா இரு" என்றான். எங்கே என்றேன். வண்டியில் ஏறு, தெரியும் என்றான்.

செப்டம்பர் 11. வியாழன்.

பெரிய ஆஸ்பத்திரி. வியாழக்கிழமைதான் பார்ப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. ஜீப்பில் ஆள் ஏற்றவில்லை. கை காட்டியவர்களை எல்லாம் தாண்டி வந்தான்.

சீட்டு வாங்கி, பெஞ்சில் இரண்டரை மணி நேரம். எங்களுக்கு முன்னால் ஒரு தாத்தா, ஒரு கைக்குழந்தைக்காரி, யூனிஃபார்மில் ஒரு கண்டக்டர். இத்தனை பேரா! நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அண்ணன் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஜெயில்ல எங்க பிளாக்ல ரெண்டு பேரு அப்டி இருந்தாங்க. ஒருத்தன் கடைல டீ போட்டவன், ஒருத்தன் லாரி. எனக்குக் காச்சல் வந்தப்ப அந்த லாரிக்காரன்தான் துணி நனைச்சிப் போட்டான். யாருக்கும் இன்னாவும் கெட்டுப் போவல."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்குப் புரியல. அது வேற" என்றான்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். அண்ணனை வெளியே இருக்கச் சொன்னார். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. அவன் என்றே சொன்னேன். அவர் பேனா நிற்கவில்லை, தலை தூக்கவில்லை, எழுதிக்கொண்டே போனார். அந்த நிற்காத பேனாவுக்காகவே கும்பிடலாம் போலிருந்தது. இது நோய் இல்லை, தூங்க முடியாததும் சாகத் தோன்றுவதும்தான் நோய், அதற்குத்தான் மாத்திரை என்றார். பக்கத்தில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். அவனைக் கூப்பிட்டு, தனியாக விடாதீர்கள், மாத்திரையை உங்கள் கையால் கொடுங்கள், அடுத்த மாசம் வாருங்கள் என்றார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. "டாக்டரம்மா, இவனுக்குக் கண்ணாலம் பண்ணக் கூடாதுன்னு சீட்டுல எழுதிக் குடுங்க" என்றான்.

அவர் அப்படியெல்லாம் எழுத முடியாது என்றார்.

"நான் சொன்னா எங்கம்மா நம்பாது. எழுத்துல இருந்தா நம்பும்."

டாக்டர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சீட்டை வாங்கிக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். ஜீப்பில் ஏறியதும் என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணன் கேட்டான். மனசுக்குப் பாரம் தரக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"அது போதும்" என்றான்.

செப்டம்பர் 12. வெள்ளி.

அண்ணன் சீட்டைப் பிரித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினான். அவனுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அந்த இங்கிலீஷ் சீட்டை விரலால் தொட்டுத் தொட்டு, ராத்திரி ஒரு மாத்திரை, காலையில் பாதி, தனியாகப் படுக்கக் கூடாது, கண்ணாலப் பேச்சு வீட்டில் எடுக்கக் கூடாது என்று நிறுத்தி நிதானமாகப் படித்தான். அம்மா அந்தக் கடைசி வரி எங்கே இருக்கிறது என்று கேட்டது. அவன் டாக்டர் கையெழுத்தைக் காட்டினான்.

செப்டம்பர் 21. ஞாயிறு.

வாய் வறள்கிறது. பகலெல்லாம் தூக்கம். சந்தோஷம் எதுவும் வரவில்லை. அண்ணன் மாத்திரையைக் கையில் வைத்து, நான் விழுங்கும் வரை நின்று, போய்விடுகிறான். பேச்சு இல்லை.

அக்டோபர் 9. வியாழன்.

இரண்டாவது முறை. கொஞ்சம் பரவாயில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். பரவாயில்லை என்றால் எப்படி என்று கேட்டார். வாரத்தில் நாலு நாள் குளிக்கிறேன் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 15.

பாதையில் சிவசங்கரி. நின்றேன். ஒரு மன்னிப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது? அவள் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனாள். வேலையில் இருக்கிறாள். அது போதும் எனக்கு. அவளுக்குப் போதுமா என்று தெரியாது.

அக்டோபர் 28. செவ்வாய்.

மோசமான நாள். காலையில் டவர் பாறையில் நின்று பார்த்தால், அருண்ராஜ் ஸ்டேட்டஸில் அவனும் அவன் பெண்டாட்டியும் ஏதோ அருவிக்கு முன்னால். பார்த்திருக்கக் கூடாது. படுத்துவிட்டேன். மத்தியானம் அண்ணி வந்து கேட்காமலேயே முறத்தில் புளியைக் கொட்டி, என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்தது. இரண்டு மணி நேரம். அண்ணனுக்கு வேலை, என்னைத் தனியாக விடக் கூடாது, அதனால் இது. அண்ணிக்கு எவ்வளவு தெரியும்? ஊர்க்கதை எல்லாம் சொன்னது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பர் 11. செவ்வாய்.

சாமை அறுத்துக் களத்தில் காய்கிறது. நானும் கதிர் சுமந்தேன். பாதி நாள்.

ஜமுனாமரத்தூர் பக்கத்து ஆள் இன்று வந்துவிட்டார். பெண்ணின் போட்டோவைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அண்ணன் வண்டியில் போய்விட்டான். வீட்டுக்குள் அம்மா மட்டும். நான் வெளியே களத்தில், கதிர் திருப்புகிற கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி ஆரம்பிக்கும் என்று நினைத்தேன்.

அம்மா அவரை உட்காரச் சொன்னது, மோர் கொடுத்தது. ரேஷன் கார்டு வைத்திருக்கிற டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சீட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டது. வாசல் வழியாக எனக்குத் தெரிந்தது. அந்த ஆள் பத்தாவது படித்தவர். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல கண்ணாலத்தப் பத்தி ஒண்ணும் இல்லியே அம்மாக்கண்ணு" என்றார்.

"தெரியும்" என்றது அம்மா. "ரெண்டு மாசம் முன்னாடியே ஸ்கூலு டீச்சர்கிட்ட காட்டிக் கேட்டுட்டேன். பெரியவன் படிச்சா படிச்சதுதான்."

மோர் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அந்த ஆள் போட்டோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் களத்து ஓரமாகவே நடந்து போனார்.

அம்மா வெளியே வந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு களத்தைப் பார்த்தது. "அந்தப் பக்கம் இன்னும் ஈரமா கீது பாரு, அதையும் திருப்பிப் போடு" என்றது.

திருப்பிப் போட்டேன்.